கொழும்புக்குப் பராமரிப்பு வேலைக்குப் போகும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

"படுக்கையில் இருக்கும் தாயாரைப் பார்த்துக்கொள்ளப் பெண் தேவை. மலையகத்தவர் விரும்பத்தக்கது. தங்குமிடம், உணவு இலவசம்." ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் சிறு விளம்பரப் பகுதியில் இப்படியான வரிகளைப் பார்த்துத்தான் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கொழும்புக்கு பஸ் ஏறுகிறார்கள். தாயாரின் எடை எவ்வளவு, எழுந்து நிற்பாரா, இரவில் பார்ப்பவர் எப்போது தூங்குவார் என்ற விவரம் எதுவும் அந்த விளம்பரத்தில் இருப்பதில்லை. பிற்பாடு வரும் சண்டைகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

தூக்கத்தையே முதலில் எடுப்போம். தானாகப் புரண்டு படுக்க முடியாத நோயாளியை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் வால் எலும்பிலும் இடுப்பு ஓரத்திலும் குதிகாலிலும் தோல் சிவக்கும். விரலால் அழுத்தி எடுத்த பிறகும் அந்தச் சிவப்பு வெளிறாவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இரவு பத்து மணிக்குப் படுத்தால் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நாலுக்கும் எழும்ப வேண்டும். ஆறு மணிக்குப் பகல் வேலை தொடங்கிவிடும். பகலிலும் அதே ஆள்தான் என்றால் அவரால் ஒரு நாளும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து தூங்க முடியாது. பத்தாவது நாள் மருந்து மாறிப்போகும், அல்லது குளியலறையில் இருவரும் சேர்ந்து விழுவார்கள். பிறகு "தோட்டத்துப் பிள்ளைக்குப் பொறுப்பில்லை" என்று பேச்சு வரும். காற்று மெத்தை உதவும், ஆனால் அதைப் போட்டாலும் பக்கம் மாற்றுவதை நிறுத்த முடியாது. இரவுக்கு வீட்டார் ஒருவரோ இன்னொரு பணியாளரோ இருக்க வேண்டும். இல்லையென்றால் பகலில் யாரும் கூப்பிடாத ஆறேழு மணித்தியாலத் தூக்கத்தை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆகவே போனிலேயே கேட்டுவிடுங்கள். நோயாளி எத்தனை கிலோ? பாரிசவாதமா, மறதி நோயா, சீனி வருத்தமா? குழாய் வழியாகவா சாப்பாடு? சமையல், துணி துவைத்தல், பேரப்பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிப்போதல் எல்லாம் சேர்ந்த வேலையா? மாதத்தில் எத்தனை நாள் லீவு, அந்த நாட்களில் யார் பார்ப்பார்? படுக்க அறை உண்டா, அல்லது சமையலறைத் தரையா? தோட்டத்தில் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போட்டால், வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்திலேயே நியாயம் கேட்கத் தெரிந்தவர்கள் நாம். இந்தக் கேள்விகளுக்கு மட்டும் கூச்சப்பட ஒரு காரணமும் இல்லை.

பணத்தில் ஏமாற்று நடப்பது பெரும்பாலும் இடையில் நிற்பவரால்தான். ஏஜென்சி வீட்டாரிடம் வாங்கும் தொகை ஒன்று, பணியாளர் கைக்கு வருவது வேறொன்று. இரண்டையும் கேட்டறியுங்கள். கொமிஷன் ஒரு தடவை மட்டுமா, மாதாமாதமா என்பதும் தெரிய வேண்டும். சம்பளம் உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே வரட்டும். உங்களை வேலைக்கு அமர்த்துவது கம்பனி என்றால், சம்பளத்திலிருந்து 8 வீதமும் கம்பனியின் பங்காக 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்கும், கம்பனியே கட்டும் 3 வீதம் ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் போக வேண்டும். வீட்டுக்காரரிடம் நேரடியாகச் சேர்பவர்களுக்கு நடைமுறையில் இது கிடைப்பதில்லை. அந்த இழப்பையும் கணக்கில் சேர்த்தே சம்பளம் பேசுங்கள்.

அப்பாவின் கையில் முற்பணம் கொடுத்துவிட்டு மகளை அனுப்பச் சொல்லும் தரகரிடம் போகவே வேண்டாம். தொழிலாளரை மேய்த்த கங்காணியிடம் எவ்வளவு கடன் என்று எழுதிய 'துண்டு' இல்லாமல் எங்கள் முன்னோர் வேறு தோட்டத்துக்குப் போக முடியவில்லை. அந்த முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. முற்பணத்தைக் காட்டி அடையாள அட்டையைப் பிடித்துவைப்பது அதே துண்டுதான். வீட்டாருக்குப் பிரதி கொடுங்கள், மூல அட்டை உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

சான்றிதழ் சம்பளத்தை மாற்றும். பராமரிப்பாளருக்குத் தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ. சான்றிதழ் உண்டு. பயிற்சி நிலையத்துக்குக் காசு கட்டும் முன் அது மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா, அந்தப் பாடநெறிக்கே என்.வி.கியூ. கிடைக்குமா என்று விசாரியுங்கள். சுவரில் மாட்டும் வெறும் 'டிப்ளோமா' கொழும்பில் செல்லாது. ஏற்கெனவே பல வருடம் வேலை செய்தவர்கள் முன் அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டுக்குப் போகலாம், பாடநெறியை முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. கிராம உத்தியோகத்தரின் சான்றிதழும் பொலிஸ் அறிக்கையும் எப்படியும் கேட்பார்கள். புறப்படும் முன்பே எடுத்துவையுங்கள்.

எது நம் வேலை, எது தாதியின் வேலை என்ற எல்லையை விட்டுக்கொடுக்கக் கூடாது. மூக்குக் குழாயைப் புதிதாகப் போடுவது, சிறுநீர்க் குழாயை மாற்றுவது, ஊசி மருந்து ஏற்றுவது நம்முடையவை அல்ல. மூக்குக் குழாய் வெளியே வந்துவிட்டால் திரும்பச் செருகாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். பாதி வெளியே வந்த குழாயில் கஞ்சி ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகலாம். குழாய் வழியாகவோ வாய் வழியாகவோ ஊட்டும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், முடிந்த பின்னும் அரை மணித்தியாலம் அப்படியே இருக்கட்டும். சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். பாரிசவாதக்காரரைச் செயலிழந்த கையில் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு விலகும். இரத்தத்தில் சீனி அளவு 70க்குக் கீழே இறங்கி வியர்த்து நடுங்கினால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டை போட்ட கொப்பி) வாங்கி மருந்து கொடுத்த நேரம், பக்கம் மாற்றிய நேரம், சாப்பாடு, சிறுநீர், பிறஷர் எல்லாவற்றையும் அன்றன்றே எழுதுங்கள். வெளிநாட்டிலிருக்கும் மகன் போனில் குற்றம் சொல்லும்போது உங்களுக்காகப் பேசப்போவது அந்தக் கொப்பிதான். திருட்டுப் பழியையும் மறக்க வேண்டாம். முதல் நாளே நோயாளியின் வளையல், சங்கிலியை வீட்டார் கழற்றி எடுத்துக்கொள்ளட்டும், கழற்றாதவற்றைக் கொப்பியில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். நோயாளியின் வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளாதீர்கள்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் தமிழ் வீடுகள் கிடைக்கும். மற்ற இடங்களில் சிங்களம் வேண்டும். "ரிதெனவாத" (வலிக்கிறதா), "வத்துர" (தண்ணீர்), "பெஹெத்" (மருந்து) என்ற அளவாவது தெரியாமல் போனால் வலி எங்கே என்றுகூடக் கேட்க முடியாது.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையை எந்தப் பெற்றாரும் அனுப்பக் கூடாது. போகிறவர்கள் வேலை செய்யப்போகும் வீட்டின் முகவரியை ஊரில் இருவரிடமாவது கொடுத்துவிட்டுப் போகட்டும். அடிஉதை, பாலியல் தொந்தரவு, பூட்டிவைத்தல் என்றால் பெண்களுக்கான 1938, பொலிஸ் 119 ஆகிய இலக்கங்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும். கைத்தொலைபேசியைப் பறித்துவைக்கும் வீடுகளும் உண்டு.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். பராமரிப்பாளர் தேவை என்று விளம்பரம் கொடுப்பவர்களிடம் நோயாளியின் நிலை, வேலை நேரம், லீவு ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கிப் பிரசுரியுங்கள். அத்துடன், ஒரு மாதிரி ஒப்பந்தத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அரைப் பக்கத்தில் அச்சிட்டால் வெட்டியெடுத்துக் கையோடு கொண்டுபோவார்கள்.

இப்படிக்கு,
வீட்டுப் பராமரிப்புப் பயிற்றுநர்கள் இருவர்,
ஹட்டன்.