டியோவின் படமும் ஓஸியின் பெயரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹெவி மெட்டல் என்கிற முரட்டு ராக் இசையின் முன்னோடிக் குழுவான பிளாக் சபாத்தில் பாடிய ஓஸி ஆஸ்போர்ன் மறைவையொட்டித் தாங்கள் வெளியிட்ட அஞ்சலிக் கட்டுரையைப் படித்தேன். தங்கள் இதழ் கோவை பஸ்ஸில் ஏறி வேலந்தாவளம் தாண்டி எங்கள் கடைத்தெருவுக்கு வருவதற்குள் பழையதாகிவிடும். அதனால் இந்தக் கடிதமும் தாமதம்தான், பொறுத்தருள வேண்டும்.

அந்தக் கட்டுரையில் ஒரு வரி. இந்த மெட்டல் வகைப் பாடகர்களுக்குக் குரல் தேவையில்லை, கத்தத் தெரிந்தால் போதும் என்று எழுதியிருக்கிறார் தங்கள் கட்டுரையாளர். அஞ்சலிக் கட்டுரையில் எழுதுகிற வரியா இது? எழுதியவர் கர்நாடக சங்கீதத்தில் தோய்ந்தவர் என்று கீழே குறிப்பும் போட்டிருந்தீர்கள். சந்தோஷம். நானும் செம்பை வைத்தியநாத பாகவதரின் மாவட்டத்திலிருந்துதான் எழுதுகிறேன். எனக்கு மைக்கே வேண்டாம் என்று சொன்ன பாலக்காடு மணி ஐயரின் மாவட்டமும் இதுவே. ஆகவே எனக்குச் சங்கீதம் தெரியாது என்று ஒரு வரியில் பதில் போட்டு முடித்துவிடாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறையில் மைக் செட் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா எல்லாவற்றுக்கும் என் ஸ்பீக்கர்தான் போகிறது. கத்துகிறவர் யார், பாடுகிறவர் யார் என்பதை மிக்ஸரில் சத்தத்தை அளக்கும் மீட்டரே காட்டிக்கொடுத்துவிடும். என் அக்கா மகன் கோவையில் படித்தபோது நண்பர்களோடு சேர்ந்து மெட்டல் பாடிக்கொண்டிருந்தான். ஒரு நிகழ்ச்சிக்கு நானே செட் கொண்டுபோனேன். அந்த உறுமலைக் கேட்டுக் கூட்டம் பின்வாங்கியது, மீட்டர் என்னவோ பாதிகூட ஏறவில்லை. மைக்கின் கெயினை, அதாவது ஒலியளவை, நான்தான் கூட்ட வேண்டியதாயிற்று. குரல்நாண்களுக்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது, பொய்க் குரல்நாண் என்பார்கள். உறுமல் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. மூச்சை வயிற்றிலிருந்து அளந்து விடத் தெரியாதவன் நாலு பாட்டு தாங்க மாட்டான். கத்துவது என்றால் என்ன என்று பார்க்க விரும்பினால் தேர்தல் சமயத்தில் எங்கள் ஊருக்கு வாருங்கள். பிரசாரம் முடிவதற்குள் வேட்பாளருக்குத் தொண்டை கட்டி, சுக்குக் காப்பி கையோடு வண்டியில் உட்கார்ந்திருப்பார்.

குரல் தேவையில்லையாம். அயர்ன் மெய்டன் என்கிற குழு 1981-ல் 'கில்லர்ஸ்' ஆல்பத்தை வெளியிட்டார்கள், பாடியவர் பால் டியானோ. அடுத்த வருடம் 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்', பாடியவர் புரூஸ் டிக்கின்ஸன். தயாரிப்பாளர் அதே மார்ட்டின் பர்ச். கிட்டார், பேஸ், டிரம்ஸ் வாசித்த கைகள் அவையே. மாறியது குரல் மட்டும்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் வேறு வேறு குழு என்று சத்தியம் செய்வீர்கள். டியானோ தெருவில் சட்டையைப் பிடிக்கிற ஆள். எனக்கு அவரும் பிடிக்கும். டிக்கின்ஸன் வந்த பிறகு பாட்டுகளுக்கே கூரை உயர்ந்துவிட்டது. 2007-ல் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அவரை நேரில் கேட்டேன். நாற்பத்தெட்டு வயதில் மேடை முழுக்க ஓடிக்கொண்டே உச்ச ஸ்தாயியில் நின்றார். ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழுவின் ராப் ஹால்ஃபோர்டு 1990-ல் 'பெயின்கில்லர்' ஆல்பம் பாடியபோதும் நாற்பதை நெருங்கிய மனிதர்தான். தங்கள் கட்டுரையாளர் அதன் முதல் பாட்டின் ஒரு சரணத்தையாவது பாடிப் பார்க்கட்டும். மைக் என் செலவு.

ஓஸிக்குப் பெரிய சாரீரம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. பல இடங்களில் கிட்டார் போகிற வழியிலேயே குரலும் போகும். ஆனால் அந்த மூக்கடைத்த, பயந்த குரல் இல்லாவிட்டால் 1970-ல் வந்த பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தில் அந்த இருட்டு வந்திருக்காது. கிட்டார் வாசித்த டோனி அயோமி பர்மிங்ஹாம் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். தானே பிளாஸ்டிக்கில் உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். விரல் வலிக்காமல் இருக்கப் பிற்பாடு தந்தியைத் தளர்த்தப் போய் அவர் கிட்டாரின் கனம் இன்னும் கூடியது. கட்டுரையில் இதற்கெல்லாம் இடம் கிடைக்கவில்லை, மேடையில் ஓஸி வௌவால் தலையைக் கடித்த கதைக்கு மட்டும் அரைப் பக்கம்! பார்க்கின்ஸன் நோயோடு, எழுந்து நிற்க முடியாமல், 2025 ஜூலை 5 அன்று வில்லா பார்க்கில் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடிவிட்டு, 22-ம் தேதி போய்ச் சேர்ந்த மனிதருக்கு இதுதான் மரியாதையா?

அப்புறம், "எல்லாம் ஒரே இரைச்சல்." இதுவும் அதே கட்டுரைதான். ஸ்லேயர் குழுவின் 'ரெய்ன் இன் பிளட்' (1986) ஆல்பம் எதிரொலியே இல்லாமல், பக்கத்தில் நின்று அறைவது போல் பதிவு செய்யப்பட்டது. மொத்தம் 29 நிமிடம். காசெட்டில் ஒரு பக்கத்திலேயே முழு ஆல்பமும் அடங்கிவிட, அடுத்த பக்கத்திலும் அதையே போட்டிருந்தார்கள். ஸ்வீடனில் என்டூம்ட் குழுவின் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' (1990) ரம்பம் அறுப்பது போல் இருக்கும். கிட்டார் ஒலியைக் கரகரக்க வைக்கும், பாஸ் நிறுவனத்தின் எச்எம்-2 பெடலில் எல்லாக் குமிழையும் கடைசி வரை திருப்பினால் வரும் சத்தம் அது. நார்வேயின் டார்க்த்ரோன் குழு 1994-ல் வெளியிட்ட ஆல்பத்தை நாலு டிராக் காசெட் ரெக்கார்டரில், வேண்டுமென்றே, கிணற்றுக்குள் பாடுகிற மாதிரிப் பதிந்தார்கள். அது எனக்குப் பிடிக்காது. வெளியூர் ஆர்டரில் செட் அப்படிக் கேட்டால் எனக்குப் பணம் தர மாட்டார்கள். ஆனாலும் அது தெரிந்து செய்தது. ஆர்ச் எனிமி குழுவின் 'வேஜஸ் ஆஃப் ஸின்' (2001) கேட்டுவிட்டு, உறுமிப் பாடுவது ஆஞ்செலா கோஸோ என்கிற பெண் என்று சொன்னால் இன்றும் என் கடைப் பையன்கள் நம்ப மறுக்கிறார்கள்.

இரைச்சல் என்று திட்ட ஆசையாக இருந்தால் திட்ட வேண்டிய ஆட்களைத் திட்டுங்கள். மெட்டாலிகாவின் '... அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' (1988) ஆல்பத்தில் ஜேஸன் நியூஸ்டெட் வாசித்த பேஸைக் காதில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் கிடைக்காது. 2008-ல் வந்த 'டெத் மேக்னடிக்' அதைவிட மோசம். சத்தத்தை நசுக்கி நசுக்கி ஏற்றியதில் ஒலி பிளந்துவிட்டது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமில் சுத்தமாக இருக்கின்றன என்று ரசிகர்களே கண்டுபிடித்தார்கள். ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு விடாமல் எரிந்தால் என் கடைப் பையனைக்கூடத் திட்டுவேன். கோடிக்கணக்கில் சம்பாதிப்பவர்களுக்கு அது தெரியவில்லை. பாடகர்கள் மேல் எனக்குக் கோபம் ஒரே விஷயத்தில்தான்: மைக்கின் தலையைக் கையால் பொத்திக்கொள்வார்கள். குரலும் குழம்பும், ஊளையும் வரும்.

சரி, இதையெல்லாம் தங்களிடம் எதிர்பார்ப்பது என் பேராசை. சில வருடம் முன்பு தாங்கள் வெளியிட்ட கேரள இசைச் சிறப்பிதழ் யேசுதாஸில் தொடங்கி யேசுதாஸிலேயே முடிந்தது. அவர் செம்பையின் சீடர், எங்களுக்கும் பெருமைதான். அதற்காகக் கர்நாடக வாசனையோடு எலக்ட்ரிக் கிட்டார் பேசிய கொச்சியின் மதர்ஜேன் குழுவும், தெய்யம் என்கிற சடங்காட்டத்தை மெட்டலுக்குள் கொண்டுவந்த கண்ணூரின் தி டவுன் ட்ராடன்ஸ் குழுவும் கேரளத்தில் சேர்த்தி இல்லையா? சுட்டிக்காட்டி அப்போதே எழுதினேன். "சிறப்பிதழ் அருமை" என்கிற முதல் வரியை மட்டும் வெட்டி எடுத்து, "கேரள வாசகர்" என்று போட்டு வெளியிட்டீர்கள். எங்கள் சித்தூர் வட்டத்தின் பெயர் தங்கள் இதழில் வருவது ஆழியாறு தண்ணீர்த் தகராறு வரும்போது மட்டும். தண்ணீர் வந்ததும் எங்களை மறந்துவிடுவீர்கள். தமிழ்வழிப் பள்ளிகள் பற்றி இங்குள்ள ஆசிரியர் ஒருவர் அனுப்பிய கட்டுரை என்னவாயிற்று என்று அவரும் கேட்டு ஓய்ந்துவிட்டார். அவருக்காக நான் கேட்கவில்லை, நினைவு வந்தது, எழுதினேன்.

நான் கேட்பது சின்ன விஷயம். கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில், ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டிக் கொம்பு முத்திரை காட்டி நிற்பவர் படத்துக்குக் கீழே "ஓஸி ஆஸ்போர்ன்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது ரோனி ஜேம்ஸ் டியோ. ஓஸி வெளியேறிய பிறகு சபாத்தில் சேர்ந்து 1980-ல் 'ஹெவன் அண்ட் ஹெல்' பாடியவர், 2010-லேயே காலமானவர். அந்த முத்திரை தன் இத்தாலியப் பாட்டியிடமிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். குரல் தேவையில்லை என்று எழுதிய பக்கத்திலேயே அந்த இசையின் மிகச் சிறந்த குரலை வேறு பெயரில் அச்சடித்திருக்கிறீர்கள். அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும்.

கடிதத்தை வெட்டுவது தங்கள் வழக்கம் என்பதால், வெட்டும்போது இந்தக் கடைசிப் பத்திக்கு முந்தைய பத்தியை மட்டும் விட்டுவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.