கிழக்கு–மேற்கு ஷ்ரைன் ஆட்டத்தின் வீரர்களுக்கும் அதை நடத்துவோருக்கும் ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரியீர்,

2025 ஜனவரி 30 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரில், ஏடி அண்ட் டி மைதானத்தில் நடந்த கிழக்கு–மேற்கு ஷ்ரைன் ஆட்டத்தில் களமிறங்கிய கல்லூரி வீரர்களுக்கும், அவர்களைப் பயிற்றுவித்தோருக்கும், அந்த ஆட்டத்தை நூற்றாண்டு வரை கொண்டுவந்து சேர்த்த ஷ்ரைனர்ஸ் என்னும் தொண்டு செய்யும் சங்கத்தாருக்கும், லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில் உள்ள அச்சங்கத்தின் குழந்தைகள் மருத்துவமனையில் பணிபுரிவோருக்கும் டாலஸில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் எழுதும் மடல் இது. எங்கள் மகள் இன்று நடக்கிறாள், பள்ளித் திடலில் மற்ற பிள்ளைகளோடு ஓடவும் செய்கிறாள். அதற்குக் காரணமானவர்களில் பலரை நாங்கள் நேரில் கண்டதே இல்லை. ஆகவே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறோம்.

இதைப் படிக்கும் தமிழ் அன்பர்களில் சிலருக்கு இந்த ஆட்டம் புதிதாக இருக்கலாம். கல்லூரிப் படிப்பை முடிக்கவிருக்கும் சிறந்த அமெரிக்கக் கால்பந்து வீரர்களைக் கிழக்கு, மேற்கு என இரு அணிகளாகப் பிரித்து ஆடவைத்து, அதில் திரளும் நிதியை ஷ்ரைனர்ஸ் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு அளிக்கிறார்கள். முதல் ஆட்டம் 1925 டிசம்பர் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, 1922-இல், இளம்பிள்ளை வாதத்தால் கால் முடங்கிய குழந்தைகளுக்காக இச்சங்கம் ஷ்ரீவ்போர்ட்டில் தன் முதல் மருத்துவமனையைத் திறந்திருந்தது. பேர்ல் துறைமுகத் தாக்குதலை அடுத்து மேற்குக் கடற்கரையில் கூட்டம் கூடுவது ஆபத்து என்று கருதப்பட்டபோதும் ஆட்டத்தை நிறுத்தாமல் 1942 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸுக்குக் கொண்டுபோய் நடத்தினார்கள். பெருந்தொற்றின்போது, 2021-இல் மட்டும், ஆடுகளத்தில் வீரர்கள் இறங்கவில்லை. "வலிய கால்கள் ஓடுவது, மெலிந்த கால்கள் நடப்பதற்காக" என்பது அவர்கள் பல தலைமுறைகளாகச் சொல்லிவரும் வாசகம். எங்கள் வீட்டில் அதை எழுதி ஒட்டி வைத்திருக்கிறோம்.

எங்கள் மகள் இரு பாதங்களும் உள்நோக்கி வளைந்த நிலையில் பிறந்தாள். அப்போது என் கணவருக்கு வேலை போயிருந்தது. வேலையோடு சேர்ந்து மருத்துவக் காப்பீடும் போயிருந்தது. ஷ்ரீவ்போர்ட்டைப் பற்றி எங்களுக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஆண்டுதோறும் இந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கும் பழக்கம் உள்ளவர் என்பதால்தான், பணம் கட்ட இயலாத குடும்பத்தின் பிள்ளைக்கும் அங்கே சிகிச்சை உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த மருத்துவமனைகளின் செலவை இந்த ஓர் ஆட்டம் மட்டுமே சுமப்பதில்லை. நாடெங்குமிருந்து வரும் நன்கொடைகளும் உயில் வழி வரும் கொடைகளும் இருக்கின்றன. ஆயினும், கலங்கி நிற்கும் பெற்றோரின் காதுக்கு இப்படியொரு செய்தி வந்து சேர்வதே இந்த ஆட்டம் செய்யும் மிகப் பெரிய உதவி என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பெரியவருக்கு எங்கள் முதல் நன்றி.

அங்கே எங்கள் மகளுக்குப் பொன்செட்டி முறையில் சிகிச்சை அளித்தார்கள். அயோவா பல்கலைக்கழக மருத்துவர் இக்னாசியோ பொன்செட்டி வகுத்த முறை அது. பாதத்தைக் கையாலேயே மெல்லத் திருப்பி, வாராவாரம் புதிய மாவுக்கட்டுப் போட்டு, ஒவ்வொரு கட்டிலும் சிறிது சிறிதாக நேர்நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். அதன்பின் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணில் ஒரு சிறு வெட்டு; அது ஆறியதும், இரு காலணிகளை ஒரு கம்பியால் இணைத்த கருவியை முதல் மூன்று மாதங்கள் ஏறக்குறைய நாள் முழுவதும், பிறகு நான்கைந்து வயது வரை உறங்கும் நேரங்களில் அணிவிக்க வேண்டும். கட்டுப் போட்டவர்கள் பிள்ளையின் அழுகைக்கு நடுவே தாலாட்டுப் போல ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தார்கள். கருவி அணிந்த முதல் சில இரவுகளில் அவள் உறங்க மறுத்தபோது, தொலைபேசியில் எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் பதில் சொன்ன செவிலியரை நாங்கள் மறக்க மாட்டோம். சிவப்புத் தொப்பி அணிந்த சங்கத்து முதியவர்கள் தங்கள் சொந்த நேரத்தில் வண்டி ஓட்டி எங்களை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, மாலையில் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார்கள். பெட்ரோல் செலவுக்காவது ஏதேனும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னோம், யாரும் வாங்கவில்லை.

இனி, வீரர்களாகிய உங்களுக்கு. உங்கள் வயதில் ஒருவருக்கு அந்த ஒரு வாரம் எவ்வளவு பெரியது என்பதை நாங்கள் பிற்பாடுதான் தெரிந்துகொண்டோம். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைக் கூட்டமைப்பான என்.எஃப்.எல். அணிகளின் தேர்வாளர்கள் பயிற்சியின் ஒவ்வொரு நிமிடத்தையும் குறிப்பெடுக்கிறார்கள். உயரம், எடை, உள்ளங்கையின் அகலம் வரை அளக்கிறார்கள். தனித்தனியாக அழைத்துக் கேள்வி கேட்கிறார்கள். அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும், அடுத்து வரும் டிராஃப்ட்டில் உங்கள் பெயர் எந்தச் சுற்றில் வரும், வராமலே போகுமா என்பதில் அந்த வாரத்துக்கும் பங்கு உண்டு. அப்படிப்பட்ட நேரத்தில், ஒரு முழங்கால் பிசகினாலும் எதிர்காலம் குலையக்கூடும் என்று தெரிந்தும், முன்பின் அறியாத குழந்தைகளின் பெயரால் நடக்கும் ஆட்டத்துக்கு நீங்கள் வந்தீர்கள். அவரவர் கல்லூரியின் தலைக்கவசத்தோடு ஒரே நிறச் சட்டை அணிந்து நீங்கள் வரிசையாக நின்றதைப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

உங்களுக்கு முன் இதே ஆட்டத்தில் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். 1935 புத்தாண்டு நாளில் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து ஆடிய ஜெரால்டு ஃபோர்டு பின்னாளில் அமெரிக்க அதிபரானார். 2000-இல் ஆடிய, பின்னாளில் பெரும்புகழ் பெற்ற டாம் பிரேடி அவ்வாண்டு டிராஃப்ட்டில் 199-ஆவதாகத்தான் அழைக்கப்பட்டார். 2022-இல் ஆடிய பிராக் பர்டி 262-ஆவதாக, அதாவது எல்லோருக்கும் கடைசியாக, எடுக்கப்பட்டு, இரண்டே ஆண்டுகளில் என்.எஃப்.எல். இறுதிப்போட்டியான சூப்பர் போல் ஆட்டத்தில் தன் அணியின் தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக்காக இறங்கினார். முன்வரிசைப் புகழ் இல்லாத வீரர்களைத் தேடி அழைத்து, அவர்களுக்கும் ஒரு மேடை தருகிற ஏற்பாட்டாளர்களின் நிதானமான உழைப்பை இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியாது.

என் மகளின் பாதங்கள் மாவுக்கட்டில் இருந்த வாரங்களில் எங்கள் மூத்த மகனைத் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட தோழிகளுக்கும், கேட்காமலே சமைத்துக் கொண்டுவந்து கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் வணக்கம்.

2025 ஏப்ரல் 24 முதல் 26 வரை விஸ்கான்சினில் கிரீன் பே நகரில் டிராஃப்ட் நடந்தபோது நாங்கள் குடும்பத்தோடு பார்த்தோம். ஷ்ரைன் ஆட்டத்தில் ஆடிய ஒவ்வொருவர் பெயருக்கும் எங்கள் வீட்டில் கைதட்டல் இருந்தது. பெயர் வராத வீரர்களே, டிராஃப்ட்டுக்குப் பிறகும் அணிகள் பலரை நேரடியாக அழைத்து ஒப்பந்தம் செய்துகொள்வதுண்டு என்று அறிகிறோம். அந்த அழைப்பு வர எங்கள் வாழ்த்துகள்.

நன்றியுடன்,
ஷ்ரீவ்போர்ட்டில் சிகிச்சை பெற்ற ஒரு சிறுமியின் பெற்றோர்
டாலஸ், டெக்சாஸ்