சட்டியும் அகப்பையும்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதங்களுக்குப் பதில் எழுதாமல் இருந்ததற்கு நீ என்னைத் திட்டியிருப்பாய். அதை அப்படியே வாங்கிக்கொண்டு மேலே செல்கிறேன். வீட்டில் அனைவரும் நலம். தோட்டத்து மேற்பார்வையாளராக இருந்த தண்டலின் மகன் மறுபடியும் தலைவராகிவிட்டான் என்று மட்டும் சொல்கிறேன், மிச்சத்தை நீயே ஊகித்துக்கொள்வாய்.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. சென்ற வாரம் கோயில் கூட்டத்தில், இவ்வாண்டு திருவிழாவில் அன்னதானத்தை ஏன் குறைக்க வேண்டியதாயிற்று என்று கணக்கர் அரைமணி நேரம் தாள் தாளாகப் புரட்டி விளக்கினார். கடைசி வரிசையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த கிழக்கு லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) பாட்டி, உலக்கையை நிறுத்தாமலே, “சட்டியில இருந்தாத்தானய்யா அகப்பையில வரும்” என்றார். கூட்டம் சிரித்தது, கணக்கர் தாள்களை மடித்துவிட்டார். அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அன்றிரவே பேத்தியின் பயிற்சி நூலைப் புரட்டினேன். மொழியணிப் பகுதியில் இடப்பக்கம் பழமொழி, வலப்பக்கம் பொருள். ‘சிறு துளி பெரு வெள்ளம்’ என்றால் பொருளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள். அதற்கு இணையான மலாய்ப் பழமொழியாகிய ‘செடிக்கிட் செடிக்கிட், லாமா லாமா ஜாடி புக்கிட்’ என்பதையும் சேர்த்தே சொல்கிறாள். ஆனால், “இதை யார், யாரிடம், எப்போது சொல்வார்கள்?” என்று கேட்டதும் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். அவள்மேல் பிழையில்லை. அந்தக் கேள்வி நூலிலேயே இல்லை.

தொல்காப்பியர் செய்யுளியலில் முதுமொழிக்கு நுண்மை, சுருக்கம், ஒளியுடைமை, எண்மை (எளிமை) என்று இலக்கணம் கூறுகிறார். நாம் சுருக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம். அவரோ அங்கே நிறுத்தாமல், ‘குறித்த பொருளை முடித்தற்கு வரூஉம் ஏது நுதலிய முதுமொழி’ என்கிறார். அதாவது, பேச்சில் ஒரு பொருள் முன்பே எழுந்திருக்க வேண்டும். அதைக் காரணம் காட்டி முடித்து வைக்க முதுமொழி வர வேண்டும். பாட்டி தொல்காப்பியத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, ஆனால் செய்தது அதைத்தான். பழமொழி நானூறு பாடிய முன்றுறை அரையனாரும் இதை அறிந்தவர். தீயதைச் சொல்லிவிட்டு மறைந்து திரியும் பேதை தன் சொல்லாலேயே துன்பப்படுவான் என்று செய்தியை முதலில் வைத்துவிட்டு, அதன் பிறகே ‘மணலுள் முழுகி மறைந்து கிடக்கும் நுணலுந்தன் வாயால் கெடும்’ என்று நுணலை, அதாவது தவளையைக் காட்டி முடிக்கிறார். (நாலாம் வகுப்பில் மேசைக்கடியில் ஒளிந்துகொண்டு வாத்தியாருக்குப் பட்டப்பெயர் வைத்த நுணலை எனக்கு நன்றாகத் தெரியும்.)

பொன்மொழியின் கதை வேறு. அது சொன்னவர் பெயரோடு நாட்காட்டித் தாளில் தனியாக நின்றாலும் பிழைத்துக்கொள்ளும். பழமொழிக்குப் பெயரும் இல்லை, தனியே நிற்கக் காலும் இல்லை. இடத்தைவிட்டுப் பிரித்துவிட்டால் ஆளுக்கொரு பொருள் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். பாட்டி சொன்ன அதே சட்டிப் பழமொழியை, சஷ்டியில் விரதம் இருந்தால் அகப்பையாகிய கருப்பையில் பிள்ளை வரும் என்று மேடையில் விளக்குகிறவர்கள் உண்டு. அன்று பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் அந்த ஐயம் எழவில்லை.

எனக்குக் கவலையெல்லாம் இதுதான். தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்களத்திலும் ரப்பர்ப் பால் நிறுக்கும் இடத்திலும் இந்தச் சொற்கள் நாள்தோறும் வேலை செய்தன. லயங்கள் இடிந்து செம்பனைத் தோட்டங்களாகிவிட்டன. பேசியவர்கள் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். பட்டியல் மட்டும் தேர்வுக்காகப் பத்திரமாக இருக்கிறது. ஆகவே ஒரு குறிப்பேடு வாங்கியிருக்கிறேன். பழமொழியை மட்டும் எழுதினால் ஏற்றுக்கொள்ள மாட்டேன். சொன்னவர் எந்த வேலையில் இருந்தார், எதற்குச் சொன்னார், கேட்டவர் என்ன செய்தார் என்பதும் வேண்டும்.

சில சொல்லத் தெரியாதவரே ‘பலசொல்லக் காமுறுவர்’ என்று நீ 649ஆம் குறளை என்மேல் எறிவாய் என்பதை அறிவேன். எறிந்துவிட்டு, உன் அம்மாச்சி உன் அப்பாவை வாயடைக்க வைத்தவற்றில் நினைவிருப்பவற்றைச் சண்டைகளோடு சேர்த்து எழுதி அனுப்பு. கெட்ட வார்த்தைகளை நீக்காதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்