அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால்

தம்பி,

ஐஐஎம்மில் எம்பிஏ சேர நடக்கப்போகும் இன்டர்வியூவுக்காக, ஞாயிற்றுக்கிழமை நீயும் உன் நண்பனும் இன்டர்வியூ மாதிரி பேசிப் பார்த்ததை அம்மாவும் நானும் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். இங்கிலீஷ் நன்றாக இருந்தது. ஆனால் உன்னைப் பற்றிச் சொன்ன பதில், ஆறாவதில் குடியரசு தினத்துக்கு மனப்பாடம் செய்து மேடையேறினாயே, அதே ராகம். எங்கே மூச்சு விடுவாய் என்று எனக்கே தெரிந்துவிட்டது. ஐஐஎம்மில் எதிரே உட்காரும் பேராசிரியர்கள் காலையில் இருந்து இதே பதிலை எத்தனை பேரிடம் கேட்டிருப்பார்களோ.

அப்புறம், அப்பா என்ன செய்கிறார் என்று அவன் கேட்டதற்கு "பிசினஸ்" என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டாய். எனக்கு வருத்தம் இல்லை என்றால் பொய். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் 26 வருடமாக ஃபோர்மேன் என்று சொல், அடுத்த பத்து நிமிடம் உன் கையில் இருக்கும். ஏன் கரூரில் இத்தனை பட்டறைகள் என்று கேட்பார்கள். உனக்குத் தெரியும்: வெல்டர், பெயிண்டர், கண்ணாடிக் கடை, சீட் தைப்பவர் எல்லோரும் ஒரே ஊருக்குள் இருக்கிறார்கள், ஒரு போல்ட் குறைந்தால் சைக்கிளில் போய் வாங்கி வரலாம். ஓசூரில் இருந்து வெறும் சேஸிஸை, அதாவது எஞ்சினும் சக்கரமும் பூட்டிய அடிச்சட்டத்தை, மேலே கூரைகூட இல்லாமல், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டிரைவர் ஓட்டி வந்து நிறுத்துவாரே, சின்ன வயதில் நீ அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பாய். அந்த எலும்புக்கூட்டின் மேல் பில்லர் நட்டு, தகடு அடித்து, வயரிங் இழுத்துப் பெயிண்ட் அடித்து அனுப்புவதை முழுக்கப் பார்த்து வளர்ந்தவன் நீ. பஸ் பாடி எப்படிக் கட்டவேண்டும் என்று சொல்லும் ஏஐஎஸ் 052 விதி வந்தபோது அவசர வழி எங்கே வரவேண்டும், சீட்டுக்குச் சீட்டு எவ்வளவு இடைவெளி என்றெல்லாம் அதன்படி மாற்றவேண்டி வந்து, எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகள் பட்ட பாட்டை வீட்டில் எத்தனை ராத்திரி பேசியிருக்கிறோம். நீ எழுதிய விண்ணப்பத்தில் இதில் ஒரு வரி இல்லை.

மெக்கானிக்கல் படித்துவிட்டு ஏன் சாஃப்ட்வேர் என்று நிச்சயம் கேட்பார்கள். அதற்கும் ஏதோ பெரிய லட்சியம் சொன்னாய். அப்போது வீட்டுக் கடன் இருந்தது, கேம்பஸில் முதலில் கிடைத்த வேலையை எடுத்துக்கொண்டாய், அவ்வளவுதானே. அப்படியே சொல், அதில் குறைவொன்றும் இல்லை. மூன்று வருடத்தில் அங்கே கற்றதை அதோடு சேர்த்துச் சொல். பாடத்தில் இருந்து ஏதாவது கேட்டு, உனக்கு மறந்திருந்தால் தெரியவில்லை சார் என்று சொல்லிவிடு; ஊகிக்க முடிந்தால், ஊகம் என்று சொல்லிவிட்டு யோசிப்பதை வாய்விட்டுச் சொல். நான் புதிதாக ஆள் எடுக்கும்போதும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பையனிடம்தான் வெல்டிங் ராடைத் தைரியமாகக் கொடுப்பேன்.

மார்க் ஷீட், டிகிரி, அனுபவச் சான்று எல்லாம் ஒரிஜினல் ஒரே ஃபைலில் வை. ஐஐஎம் இருக்கும் பெங்களூரு பன்னேர்கட்டா ரோடு டிராபிக் உனக்கே தெரியும், சீக்கிரம் கிளம்பு.

சனிக்கிழமை ஊருக்கு வா. காலேஜ் பஸ்ஸுக்கு ஒரு புதுச் சேஸிஸ் வருகிறது. பட்டறையிலேயே நின்றுகொண்டு நான் கேள்வி கேட்கிறேன், நீ தமிழிலேயே பதில் சொல்லு, பிறகு அதை இங்கிலீஷில் மாற்றிக்கொள். அம்மா கூழுக்குக் கம்பு வாங்கி வைத்திருக்கிறாள்.

அப்பா