‘நரம்பு’ என்ற சொல்லைத் திருத்தியவர்களுக்கு: இதயக் கையேட்டுக் குழுவின் நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். இதய நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் படிப்பதற்கான சொற்கையேடு அச்சுக்குப் போய்விட்டது. மருத்துவச் சொற்களை அகராதியிலிருந்து எடுத்து அடுக்குவது பெரிய காரியமில்லை. அந்தச் சொல் கட்டிலில் படுத்திருப்பவர் காதில் என்னவாக விழுகிறது என்பது வார்டில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். கைப்படியை வாங்கிச் சிவப்பு மையில் திருத்தித் தந்தவர்கள் யாரும் பெயர் போட வேண்டாம் என்றுவிட்டார்கள். அதனால் வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். எதைத் திருத்தினார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம், கையேடு கைக்கு வராதவர்களுக்கும் அது பயன்படும்.

முதல் நன்றி இதய அறுவை சிகிச்சை வார்டுச் செவிலியர்களுக்கு. அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்றுவழி வைக்கும் பைபாஸ் அறுவை பற்றிய பக்கத்தில் ‘காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்து’ என்று போகிற போக்கில் எழுதியிருந்தோம். போதாது என்றார்கள். நம் பேச்சில் புறங்கையில் பச்சையாகத் தெரிவது நரம்பு. குளுக்கோஸ் ஏற்ற ‘நரம்பு கிடைக்கல’ என்கிறோம். காலில் சுருண்டு புடைத்து நிற்பதும் ‘நரம்புச் சுருட்டு’தான். இவை எல்லாமே சிரைகள், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்கள். மூளையின் கட்டளையைக் கை கால்களுக்குக் கொண்டுபோகும் நரம்பு வேறு. ஆனால் ‘கால் நரம்பை எடுத்து நெஞ்சில் வைக்கிறார்கள்’ என்று கேட்டவர், கால் விளங்காமல் போய்விடும் என்று பயந்து, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடத் தயங்குகிறார். எடுப்பது கணுக்காலின் உட்புறத்திலிருந்து தொடை வரை தோலுக்கு அடியில் ஓடும் நீண்ட சிரை. காலின் ரத்தத்தில் பெரும்பகுதி தசைகளுக்கு நடுவே உள்ள ஆழ்சிரைகள் வழியாக மேலே ஏறுவதால் இந்த ஒன்றை இழக்கலாம். சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் கால் வீங்கும். உட்காரும்போது காலைத் தூக்கி வைத்தால் வடியும். கணுக்காலின் உட்புறம் மரத்துப்போவதும் உண்டு, காரணம் அந்தச் சிரையை ஒட்டி ஓடும் மெல்லிய உணர்வு நரம்பு உரசப்படுவது. அந்த ஓர் இடத்தில்தான் ‘நரம்பு’ சரியான சொல்.

அறுவை அரங்கச் செவிலியர் ஒருவர் ஓரத்தில் இன்னொன்றும் குறித்திருந்தார். கால் சிரைகளுக்குள் ரத்தம் கீழே இறங்காமல் பிடித்துக்கொள்ளும் ஒருவழி வால்வுகள் உண்டு. அதனால் எடுத்த சிரையைத் தலைகீழாகத் திருப்பித்தான் தைக்கிறார்கள். திருப்பாமல் தைத்தால் வால்வு மூடிக்கொண்டு ரத்தம் போகாது. எங்கள் படத்தில் அது நேராக இருந்தது. இப்போது திருப்பிவிட்டோம்.

அடுத்தது இதய ரத்தக்குழாய்களைப் படமெடுத்துப் பார்க்கும் ஆஞ்சியோ அறைத் தொழில்நுட்பர்கள். ‘பிளாக்’ என்ற சொல்லை அப்படியே விட்டிருந்தோம். இதயத்தில் இரண்டு விதமான பிளாக் உண்டு. இதயத் தசைக்கே ரத்தம் தரும் கரோனரித் தமனியின் சுவரில் கொழுப்புப் படிந்து குழாய் குறுகுவது ஒன்று. மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்கும் மின்துடிப்பு வழியில் நின்றுபோவது மற்றொன்று. முன்னதற்கு ஸ்டென்ட் அல்லது பைபாஸ், பின்னதற்கு பேஸ்மேக்கர். ‘ஆஞ்சியோவில் பிளாக்கே இல்லை என்றீர்கள், இப்போது பிளாக் என்று பேஸ்மேக்கர் வைக்கச் சொல்கிறீர்களே’ என்று வீட்டார் சண்டைக்கு வருவது இதனால்தான். கையேட்டில் முன்னது ‘தமனி அடைப்பு’, பின்னது ‘மின்தடை’. படிப்பவருக்கு மின்வாரியம் நினைவுக்கு வந்தாலும் பரவாயில்லை, பொருள் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

‘பலூன் வைத்திருக்கிறது’ என்ற பேச்சையும் அவர்கள்தான் பிடித்துக்கொடுத்தார்கள். பலூன் உள்ளே தங்குவதில்லை. குறுகிய இடத்தில் சில நொடிகள் விரித்து, சுருக்கி, வந்த வழியே வெளியே எடுத்துவிடுகிறார்கள். தங்குவது ஸ்டென்ட் என்கிற உலோக வலைக்குழாய். ‘ஸ்பிரிங்’ என்று சொன்னாலும் குற்றமில்லை. அதன்மேல் தமனியின் உட்தோல் வளர்ந்து மூடும்வரை வெறும் உலோகத்தில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டிக் கட்டியாகலாம். ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் அல்லது டிக்காக்ரெலார் என்று இரண்டு மாத்திரை தருவது அதற்காக. மாரடைப்புக்குப் பிறகு வைத்த ஸ்டென்டுக்கு வழக்கமாக ஓராண்டு. பல் பிடுங்கப் போன இடத்தில் நிறுத்தச் சொன்னால், இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.

மருந்தாளுநர்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. ‘ரத்தத்தை இளக்கும் மாத்திரை’ என்று அச்சிட்டிருந்த எல்லா இடத்திலும் குறுக்குக் கோடு போட்டிருந்தார்கள். ரத்தம் தண்ணீராகிவிடும், உடம்பு பலம் போய்விடும் என்று நினைத்து மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாத்திரைகள் ரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. ஆஸ்பிரின் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கிறது. வார்ஃபரின், வைட்டமின் ‘கே’ துணையோடு கல்லீரல் செய்யும் உறைபொருள்களைக் குறைக்கிறது. உலோக வால்வு வைத்தவருக்கு வார்ஃபரின் ஆயுளுக்கும் வேண்டும். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு பெருந்தமனி வால்வுக்குப் பொதுவாக 2 முதல் 3, ஈரிதழ் வால்வுக்கு 2.5 முதல் 3.5 என்று வைப்பார்கள். ஈரிதழ் வால்வு வழியாக ரத்தம் மெதுவாக ஓடுவதால் கட்டி சேரும் வாய்ப்பு கூடுதல்.

வைட்டமின் ‘கே’ உள்ள கீரை விஷயத்தில் எங்களைச் சரியாகக் கண்டித்தார்கள். ‘கீரையைத் தவிர்க்கவும்’ என்று எழுதியிருந்தோம். தவிர்க்க வேண்டாம், வாரம் இரண்டு நாள் சாப்பிடுகிறவர் எல்லா வாரமும் இரண்டு நாள் சாப்பிடட்டும், அந்தப் பழக்கத்துக்கு ஏற்ப மருந்தளவு அமைந்துவிடும் என்பது திருத்தம். ஆடி மாதம் முழுக்க முருங்கைக்கீரையும் ஆவணியில் ஒன்றுமில்லாமலும் இருந்தால்தான் ஐ.என்.ஆர். தடுமாறும். வயிற்றுப்போக்குக்குக் கடையில் வாங்கும் மெட்ரோனிடசோல் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். மூட்டுவலிக்கு வாங்கும் டைக்ளோஃபெனாக் வயிற்றில் ரத்தக்கசிவு உண்டாக்கும். வார்ஃபரின் போட மறந்தது அன்றே நினைவுக்கு வந்தால் போட்டுக்கொள்ளலாம், மறுநாள் வந்தால் இரட்டிப்பாக்கக் கூடாது. கறுத்த மலம், நிற்காத ஈறு ரத்தம் இரண்டுக்கும் காத்திருக்க வேண்டாம். தலையில் அடிபட்டால் வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எக்கோ எடுப்பவர்கள் தந்தது ஒரே வரி, ஆனால் அது பல இரவுத் தூக்கத்தைக் காப்பாற்றும். அறிக்கையில் ‘இ.எஃப். 60’ என்று பார்த்தால் இதயம் நாற்பது சதவீதம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. இடக் கீழறை விரியும்போது சுமார் 120 மி.லி. ரத்தம் நிரம்புகிறது என்று வையுங்கள். ஒரு துடிப்பில் 70 மி.லி. வெளியேறும், மீதி உள்ளேயே நிற்கும். வெளியேறும் பங்கு ஏறத்தாழ 60 சதவீதம், அதுதான் இ.எஃப். நல்ல இதயத்துக்கும் அவ்வளவுதான். இதில் 100 வாங்கும் இதயம் உலகத்திலேயே கிடையாது.

இ.சி.ஜி. பக்கத்தைப் பார்த்தவர்கள், பத்து ஒட்டுகளில் பன்னிரண்டு லீட், அதாவது இதய மின்துடிப்பைப் பார்க்கும் பன்னிரண்டு கோணங்கள், எப்படி வருகிறது என்பதை அரைப் பக்கத்தில் எழுதவைத்தார்கள். அவர்கள் வற்புறுத்தியது இடத்தைப் பற்றி. நெஞ்சில் வைக்கும் முதல் இரண்டு ஒட்டுகளான வி1, வி2 இரண்டும் நெஞ்செலும்பின் இருபுறமும் நான்காவது விலா இடைவெளியில் வர வேண்டும். அவசரத்தில் இரண்டாவது, மூன்றாவது இடைவெளிக்கு ஏறிவிடுகிறது, பழைய மாரடைப்பு இருப்பதுபோலக் கோடு காட்டுகிறது. கழுத்துக் குழியிலிருந்து விரலை இறக்கினால் நெஞ்செலும்பில் ஒரு மேடு தட்டுப்படும். அதை ஒட்டியிருப்பது இரண்டாவது விலா. அங்கிருந்து எண்ண வேண்டும். வலக்கை, இடக்கை வயர்கள் மாறினால் முதல் லீடில் எல்லா அலையும் கவிழ்ந்துவிடும். கோடு விசித்திரமாக இருந்தால் நோயைத் தேடும் முன் வயரைப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் இல்லாவிட்டால் கையேடு பாக்கு நீரிணையைத் தாண்டியிருக்காது. தமிழ்நாட்டுப் பாடநூலில் தமனி, சிரை. இலங்கையில் நாடி, நாளம். தமிழ்நாட்டில் நாடி என்றால் மணிக்கட்டில் பிடித்துப் பார்ப்பது, ரத்த நாளம் என்றால் எந்த ரத்தக்குழாயும். மேலறை அங்கே சோணையறை, கீழறை இதயவறை. இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறோம். மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழில் மருத்துவம் கற்பித்து, தமிழில் மருத்துவ நூல்களும் வெளியிட்டார். சொல்லுக்குப் பஞ்சமில்லை, ஒத்துப்போவதில்தான் பஞ்சம். ‘தமனியில் நல்ல ரத்தம், சிரையில் கெட்ட ரத்தம்’ என்ற வாய்ப்பாட்டையும் அவர்களே எடுக்கச் சொன்னார்கள். நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம், நுரையீரல் சிரையில் ஓடுவது நிறைந்தது. இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோனால் தமனி, இதயத்துக்குக் கொண்டுவந்தால் சிரை. ‘கெட்ட ரத்தம்’ என்ற சொல் இப்போது கையேட்டில் எங்குமே இல்லை.

108 ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களுக்கும் சேர்த்தே ஒரு நன்றி. மாரடைப்பையும் இதய நிறுத்தத்தையும் ஒரே பக்கத்தில் கலந்து எழுதியிருந்தோம். பிரித்துக் கொடுத்தது அவர்கள். மாரடைப்பில் தமனி அடைபடுகிறது. ஆள் பேசுவார், வியர்ப்பார், ‘கேஸ்தான், சோடா குடித்தால் சரியாகிவிடும்’ என்று வாதாடுவார். இதய நிறுத்தத்தில் ஆள் சரிந்துவிடுவார், தட்டினால் அசைவு இருக்காது, மூச்சு இருக்காது. இடைவெளி விட்டு வாய் திறந்து இழுக்கும் மூச்சு, மூச்சுக் கணக்கில் சேராது. அவருக்கு நெஞ்சின் நடுவில் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் நெஞ்சு முழுதாக மேலே வர விட வேண்டும், இல்லாவிட்டால் இதயத்தில் ரத்தம் நிரம்பாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், ஏனென்றால் களைத்தவர் ஆழம் குறைவதை உணர மாட்டார்.

மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் பெரிய ஆஸ்பத்திரி தேடி ஊர் ஊராக அலையாமல், பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். 2023இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் அங்கேயே முதல் வேளை மருந்தாக ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டேட்டின் 8 என 14 மாத்திரை கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். அது அங்கே பார்த்துத் தருவதற்கு, வீட்டு அலமாரியில் வாங்கி வைப்பதற்கு இல்லை. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும், நின்றபடி வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கி விழுந்துவிடுவார்கள்.

‘இதயச் செயலிழப்பு’ என்ற சொல்லில்தான் கடைசிவரை தகராறு. கேட்டவர் எல்லாம் முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறார், பிறகு மாத்திரை எதற்கு என்று கேட்கிறார். ‘இதயத் தளர்ச்சி’ என்று ஒரு கட்சி, ‘இதயத் திறன் குறைவு’ என்று இன்னொரு கட்சி. இந்த அச்சில் பின்னது போகிறது, தளர்ச்சிக் கட்சியினர் எங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெயர் எதுவானாலும் செய்ய வேண்டியதைச் சொல்லித் தந்தது வீடு வீடாகப் போகும் செவிலியர்கள். காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், அதே எடைக்கருவியில் ஏறி எழுத வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, தேங்கிய நீர், உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். படுக்கத் தலையணை ஒன்று போதாமல் இரண்டு, மூன்று என்று ஏறினாலும் அதே கணக்கு. உப்பு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அதற்குள் அடக்கம்.

எடை எழுத 31 கட்டங்கள் கொண்ட அட்டவணையைப் பின்னட்டையின் உட்பக்கத்தில் வைத்திருக்கிறோம். வழவழப்பான தாளில் பேனா மை காயாமல் இழுபடும் என்று சொல்லி, அந்த ஒரு பக்கத்தைக் கூடுதல் செலவில்லாமல் சொரசொரப்பான தாளுக்கு மாற்றிக் கொடுத்த அச்சகத் தோழருக்கும் எங்கள் நன்றி.

அன்புடன்,
இதயச் சொற்கையேட்டுக் குழுவினர்