நீண்ட நோர்வேஜியச் சொல்லை எங்கே முறிப்பது, எங்கே அழுத்துவது

அன்புள்ள சிவா,

உன் கடிதமும் துண்டுப்பிரசுரத்தின் மாதிரிப்படியும் கிடைத்தன. பேர்கனில் எல்லோரும் சுகம். மழையும் குறையில்லாமல் பெய்கிறது. ஒஸ்லோவில் புது வீட்டுக்குக் குடிபோயாயிற்றா? மூத்தவளின் படிப்பு எந்த அளவில் நிற்கிறது என்றும் எழுது.

நோர்வேஜியத்தில் பல சொற்களை இடைவெளி விடாமல் ஒட்டி ஒரே நீண்ட சொல்லாக எழுதுகிறார்களே, அப்படிப்பட்ட சொல்லை வரி முடிவில் எங்கே முறிப்பது, சத்தமாக வாசிக்கும்போது எங்கே அழுத்துவது என்று கேட்டிருந்தாய். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: துண்டுகள் சேரும் பொருத்தில். பொருத்தைப் பிடித்துவிட்டால் இரண்டும் கைக்கு வந்துவிடும்.

உன் படியில் பஸ் தரிப்பிடத்துக்கான சொல்லைக் கணினி 'புஸ்-தோப்' என்று முறித்திருக்கிறது. 'தோப்' என்றால் உச்சி. வாசிப்பவன் பஸ்ஸின் கூரையில் போய் நிற்பான். 'புஸ்' இரண்டு எஸ்ஸில் முடிகிறது, 'ஸ்தோப்' எஸ்ஸில் தொடங்குகிறது. ஒரே மெய் மூன்று முறை அடுத்தடுத்து வந்தால் நோர்வேஜிய எழுத்தில் ஒன்றை விழுங்கிவிட்டு இரண்டைத்தான் எழுதுவார்கள். வரி முறிகிற இடத்தில் மட்டும் விழுங்கியது திரும்பி வரவேண்டும்: மேல்வரியில் இரண்டு எஸ், கோடு, கீழ்வரியில் 'ஸ்தோப்' முழுசாக. இரவு ரயிலைக் குறிக்கும் 'நத்-தோக்' சொல்லிலும் இதே கதை. அங்கே மூன்றாவது டி வராவிட்டால் கீழ்வரியில் 'ஓக்' தனியாக நிற்கும். அது நம் 'உம்' போன்ற இணைப்புச்சொல்.

வேர்டில் கண்ட்ரோல் விசையோடு இணைகோட்டை அழுத்தினால், தேவைப்பட்டால் மட்டும் தெரியும் கோடு விழும். ஆனால் அது மூன்றாவது எழுத்தைப் போட்டுத் தராது, நீதான் கையால் அடிக்கவேண்டும். பிறகு பத்தி நகர்ந்து சொல் வரியின் நடுவே வந்துவிட்டால் கூடுதல் எழுத்து பிழையாக நிற்கும். ஆகவே இந்த வேலையைக் கடைசிப் படியில் வைத்துக்கொள். அதற்கு முன் பத்தியின் மொழியை பூக்மோல், அதாவது நோர்வேஜியத்தின் பெருவழக்கான எழுத்துமுறை, என்று மாற்று. ஆங்கிலம் என்று கிடந்தால் கணினி ஆங்கில வழக்கப்படியே வெட்டும்.

பொருத்தில் இடையே வரும் எஸ் அல்லது இ எப்போதும் முன்துண்டோடுதான் போகும்: 'அர்பைத்ஸ்-தாக்' (வேலைநாள்), 'பார்னெ-ஹாகெ' (பாலர் பள்ளி). இந்த எஸ் ஒரு நல்ல வழிகாட்டி. வைன் கிண்ணம் 'வீன்க்ளஸ்'; அதில் எஸ் இல்லை. சிவப்பு வைன் கிண்ணம் 'ரோவீன்ஸ்க்ளஸ்'. முன்துண்டே இரட்டைச்சொல் ஆனதால் பெரும் பொருத்தைக் காட்ட எஸ் வந்துவிடுகிறது.

எஸ்ஸை எந்தப் பக்கம் சேர்க்கிறோம் என்பதில் உச்சரிப்பும் மாறும். ஆகெர்ஷூஸ் கோட்டைத் தேவாலயத்தின் பெயரில் 'ஸ்லொத்ஸ்', 'ஹ்யிர்க்கெ' என்று இரண்டு துண்டு. பொருத்தைப் பார்க்காதவர்கள் எஸ்ஸையும் அடுத்த கே-யையும் சேர்த்து 'ஷி' ஆக்கிவிடுவார்கள், பனிச்சறுக்குப் பலகையை 'ஷீ' என்று வாசிப்பதுபோல. இங்கே எஸ் முன்துண்டின் சொத்து. கே-க்குக் காற்று உரசும் 'ஹ்ய' ஒலி.

இனி அழுத்தம். முதல் துண்டு தனியாக நிற்கும்போது எந்த அசையில் அழுத்தம் விழுமோ, கூட்டுச்சொல்லிலும் தலையழுத்தம் அங்கேதான். அது முதல் அசையாகவே இருக்கவேண்டும் என்றில்லை. கடைசித் துண்டுக்கு அரை அழுத்தம். நடுவில் உள்ளவை தணிந்துபோகும், ஆனால் நெடில் குறிலாகாது. நம்மவர்களுக்குக் காதில் குறில், நெடில் இருப்பதால் இது பெரிய வசதி. 'பீல்-தேலெர்' என்று நீட்டினால் கார் உதிரிப்பாகங்கள். அதே எழுத்துகளை 'பில்தெ-லேர்' என்று வெட்டிக் குறிலாக வாசித்தால் 'படம் சிரிக்கிறது'.

நோர்வேஜிய மொழியின் மிக நீளமான சொல் என்று அடிக்கடி காட்டப்படும் 60 எழுத்துச் சொல்லில் செய்து பார்: மினுரிதேத்ஸ்-லாத்னிங்ஸ்-பேரெர்-திஃபுஷூன்ஸ்-குஎஃபிசியென்த்-மோலிங்ஸ்-அபராதூர். ஏழு துண்டு, 22 அசை. குறைகடத்தியில் சிறுபான்மை மின்னூட்டக் காவிகளின் விரவல் கெழுவை அளக்கும் கருவி. பொருளை வலமிருந்து எடு: கடைசித் துண்டு கருவி, அதற்கு முன் அளத்தல், அப்படியே இடப்பக்கம் போ. சொல்லின் பாலும் பன்மையும் கடைசித் துண்டுடையவை. வாசிக்கும்போது 'தேத்' அசையில் முழுப்பலம், 'தூரில்' அரைப்பலம். எல்லாத் துண்டையும் சமமாக அழுத்தினால் ஏழு தனிச்சொல்லாகக் கேட்கும்.

இதையே திருப்பிப் போட்டால் எழுத்துக்கான சோதனை கிடைக்கிறது. ஒரு தலையழுத்தம் கேட்டால் சேர்த்து எழுது. ஆட்டுக்குட்டிச் சாப்ஸ் 'லமெகோதெலெத்தெர்'. இடைவெளி விட்டால் அழுத்தமும் இரண்டாகி, வாதம் வந்த சாப்ஸ் ஆகிவிடும்.

ஒஸ்லோவில் உன் காதை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. அங்கே சுருதி சொல்லின் கடைசியில் மேலே ஏறும், அதனால் பின்துண்டில் அழுத்தம் விழுவதுபோலத் தோன்றும். சுருதியை விட்டுவிட்டு, எது நீண்டு பலமாக வருகிறது என்று கேள். ஊர்ப்பெயர்களை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதே: கிறிஸ்தியான்சான், கிறிஸ்தியான்சுன் இரண்டிலும் அழுத்தம் பின்துண்டில்தான்.

உங்கள் பக்கத்துப் பேச்சில் பொருத்தைத் தாண்டியும் ஒலி கலக்கும். 'பேர்', 'தூர்' சேர்ந்தால் ஆரும் டி-யும் கலந்து கிட்டத்தட்ட நம் ட ஆகி 'பேட்டூர்' என்று வரும். காட்டுப்பழம் பறிக்கப் போவது. 'வோர்', 'சூல்' சேர்ந்தால் 'வோஷூல்', வசந்த வெயில். பேர்கனில் தொண்டையில் ஆர் சொல்வதால் இந்தக் கலப்பு கிடையாது. ஆனால் முறிக்கும் இடம் எங்கும் ஒன்றுதான்: பேர்-தூர்.

மூன்றாம் பக்கத்தில் நான்கு இடத்தில் பென்சில் குறி போட்டிருக்கிறேன். அச்சகத்துக்கு அனுப்புமுன் ஒருமுறை பார்த்துவிடு.

அன்புடன்,
குமார்