குளச்சலிலிருந்து ஜெர்சி தீவிலுள்ள தங்கள் வங்கிக்கு: முடக்கப்பட்ட கணக்கு பற்றிய புகார்

நாள்: 19.08.2024
இடம்: குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள், தலைமை அலுவலகம், செயின்ட் ஹெலியர், ஜெர்சி (சென்னைத் தொடர்பு அலுவலகம் வழியாக)

பொருள்: ஐந்து மாதங்களாக முடக்கப்பட்டிருக்கும் கணக்கைத் திறந்து தரவும், 2023-ம் ஆண்டுக்கான கணக்கறிக்கையை அனுப்பவும், 22.04.2024 அன்று சென்னை அலுவலகத்தில் எனக்கு நேர்ந்த அவமதிப்புக்கு விளக்கம் தரவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் வங்கியில் 2009-ம் ஆண்டு முதல் சர்வதேசக் கணக்கு வைத்திருக்கிறேன். கணக்கு எண்ணும் இதுவரை எனக்குத் தரப்பட்ட நான்கு புகார்ப் பதிவு எண்களும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன. நான்கு எண்களா என்று வியக்க வேண்டாம். ஒவ்வொரு முறை நான் தொலைபேசியில் அழைக்கும்போதும் பழைய எண்ணைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லிப் புதிய எண் கொடுத்தவர்கள் தங்கள் ஊழியர்களே. இதை நான் கோபத்தில் எழுதவில்லை, களைத்துப்போய் எழுதுகிறேன். சென்னை அலுவலகத்தினர் தமிழ் அறிந்தவர்கள் என்பதால் என் மனத்தில் உள்ளதைக் குறைவின்றிச் சொல்லத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். ஆங்கில மொழிபெயர்ப்பும் உடன் உள்ளது.

நான் 1998 முதல் 2020 வரை இருபத்திரண்டு ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் பொறியாளராக வேலை செய்தவன். என் சம்பளத்தைத் தங்கள் வங்கிக்கு நேரடியாகச் செலுத்தியது நான் வேலை செய்த கப்பல் நிறுவனம். அந்தச் சம்பள வரவுகள் மாதந்தோறும் தங்கள் பதிவேட்டிலேயே இருக்கின்றன. அப்படியிருக்க, கடந்த ஏப்ரல் 22 அன்று சென்னையில் தங்கள் அலுவலர் என்னிடம் கேட்ட கேள்வியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. “கப்பல்ல இஞ்சின் ரூம்ல வேலை பார்த்தவருக்கு முப்பத்தெட்டாயிரம் பவுண்டு எப்படி வந்துச்சுன்னு முதல்ல சொல்லுங்க” என்று, காத்திருந்த ஆறு பேர் முன்னிலையில், உட்காரக்கூடச் சொல்லாமல் கேட்டார். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன்.

வாடிக்கையாளர் விவரங்களை அறுபது நாட்களுக்குள் புதுப்பிக்க வேண்டும் என்று ஜனவரி 8 தேதியிட்டுத் தாங்கள் அனுப்பிய கடிதம் பிப்ரவரி 21 அன்றுதான் என் கைக்கு வந்தது. உறையின் மீதுள்ள அஞ்சல் முத்திரையின் நகலை இணைத்திருக்கிறேன். அதாவது அறுபது நாட்களில் நாற்பத்து நான்கு நாட்களைத் தங்கள் கடிதமே வழியில் தின்றுவிட்டது. ஆனாலும் ஐந்தே நாட்களில், நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் நோட்டரி வழக்கறிஞரிடம் சான்றொப்பம் பெற்று, தலைமை அஞ்சல் நிலையத்திலிருந்து ஸ்பீடு போஸ்டில் அனுப்பினேன். மார்ச் 6 அன்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் கையெழுத்திட்டுப் பெற்றிருக்கிறார். மார்ச் 11 அன்று கணக்கு முடக்கப்பட்டது. காரணம்: ஆவணங்கள் வரவில்லையாம்.

ஆவணங்கள் வந்திருப்பதைக் கண்டுபிடிக்கவே தங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. பிறகு முகவரிச் சான்று சரியில்லை என்றார்கள். கடந்த மூன்று மாதங்களுக்குள் என் பெயருக்கு வந்த மின்கட்டண ரசீது வேண்டுமாம். எங்கள் ஊரில் மின்வாரியம் முகவரி அச்சிட்ட ரசீதை வீட்டுக்குத் தபாலில் அனுப்புவதில்லை; இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊழியர் வந்து மீட்டரைப் பார்த்து, வெள்ளை அட்டையில் அளவைக் குறித்துவிட்டுப் போவார். இந்தியாவில் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் வங்கிக்கு இது தெரியாமல் இருக்குமா? அந்த இணைப்பும் காலமான என் தந்தையின் பெயரில் இருக்கிறது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் முகவரி இருக்கிறதே என்றேன். ஆள் அடையாளத்துக்குக் கொடுத்த ஆவணத்தையே முகவரிக்கும் ஏற்க மாட்டோம் என்றார்கள். ஆதார் அட்டையைத் தங்கள் ஊழியர் ஒருவர் பட்டியலில் இல்லை என்றார், இன்னொருவர் அதை ஏன் முதலிலேயே அனுப்பவில்லை என்று கேட்டார். மூன்றாமவர் என் முகவரியில் தெருப்பெயர் இல்லை என்பதால் அப்படி ஓர் இடம் இருப்பதாகவே நம்ப முடியவில்லை என்றார். கடற்கரை ஊர்களில் வார்டு எண்ணும் கதவு எண்ணும்தான் விலாசம். அந்த விலாசத்துக்குத்தான் பதினைந்து ஆண்டுகளாகத் தாங்கள் புத்தாண்டு வாழ்த்து அட்டை அனுப்பி வருகிறீர்கள்.

அடுத்தது பெயர். எனக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தமிழர்களில் பெரும்பாலோருக்குக் கிடையாது. தந்தையின் பெயர் முன்னெழுத்தாக வரும். 2009-ல் கணக்குத் தொடங்கியபோது இருந்த பழைய பாஸ்போர்ட்டில் அது குடும்பப்பெயர்க் கட்டத்தில் இருந்தது. 2021-ல் புதுப்பித்த பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக விடப்பட்டு, இரண்டு பெயர்களும் சேர்ந்து ஒரே இடத்தில் வந்திருக்கின்றன. இதனால் நான் வேறொரு ஆளாகிவிட்டேன் என்பது தங்கள் முடிவு. இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரம் எழுதி அனுப்பினேன். அதற்கு இன்றுவரை ஒரு வரி பதில் இல்லை.

இவற்றையெல்லாம் இணையவழியில் சரிசெய்துகொள்ளலாம் என்று தங்கள் தொலைபேசிப் பதிவுக்குரல் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. எப்படிச் சரிசெய்வது? ஒருமுறைக் கடவு எண் (ஓ.டி.பி.) காட்டிய சிறு கருவியை ஜனவரியில் நிறுத்தினீர்கள். இப்போது கடவு எண், 2020-ல் நான் கைவிட்ட சிங்கப்பூர்க் கைபேசி எண்ணுக்குப் போகிறது. எண்ணை மாற்ற உள்ளே நுழைய வேண்டும். உள்ளே நுழைய அந்தப் பழைய எண்ணுக்கு வரும் கடவு எண் வேண்டும். இதைத் தங்கள் ஊழியர்களிடம் பதினோரு முறை விளக்கியிருக்கிறேன். தங்கள் அலுவலகம் காலை ஒன்பது மணிக்குத் திறக்கும்போது இங்கே பிற்பகல் ஒன்றரை மணி. அதற்குப் பிறகு அழைத்து, சராசரியாக நாற்பது நிமிடம் இசையைக் கேட்டபடி காத்திருந்து, கடைசியில் இணைப்பு அறுந்துபோகும்.

சென்னைக்கு வருகிறேன். அசல் ஆவணங்களுடன் நேரில் வந்தால் சரிபார்த்து அனுப்புகிறோம் என்று ஏப்ரல் 17 அன்று மின்னஞ்சல் அனுப்பியவர்கள் தாங்களே. ஏப்ரல் 19 நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. ஊருக்கு வாக்களிக்க வந்தவர்கள் எல்லோரும் ஞாயிறன்று சென்னை திரும்புகிறார்கள். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் படுக்கை கிடைக்கவில்லை. ஐம்பத்தேழு வயதில், முதுகில் தட்டு விலகியவன், ஏறத்தாழ எழுநூறு கிலோமீட்டர் முன்பதிவில்லாப் பெட்டியில் உட்கார்ந்தும் நின்றும் போனேன். மடியில் பை. பையில் என் நான்கு சி.டி.சி. (கடற்பணிப் பதிவு) புத்தகங்கள். ஒவ்வொரு கப்பலிலும் ஏறிய நாள், இறங்கிய நாள், கேப்டனின் கையெழுத்து, துறைமுக முத்திரை எல்லாம் அவற்றில் இருக்கின்றன. இரண்டாவது புத்தகத்தின் ஓரங்களில் இஞ்சின் எண்ணெய் ஊறி, பக்கங்கள் கண்ணாடித்தாள் போல ஆகியிருக்கும். என் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

காலை பத்து மணிக்குப் போனேன். ஒன்றேகால் மணிக்குத்தான் அந்த அலுவலர் வெளியே வந்தார். பாஸ்போர்ட்டை மட்டும் புரட்டினார், புத்தகங்களைத் தொடவில்லை. நான் மேலே எழுதிய கேள்வியைக் கேட்டார். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள், “இந்தியா திரும்பினவங்க வெளிநாட்டுக் கணக்கு வச்சிருக்கவே கூடாது, தெரியுமா?” என்றார். தெரியும் ஐயா, எனக்குச் சட்டம் தெரியும்; அவருக்குத்தான் தெரியவில்லை. வெளிநாட்டில் குடியிருந்த காலத்தில் ஈட்டிய பணத்தை இந்தியா திரும்பிய பிறகும் வெளிநாட்டிலேயே வைத்திருக்க 1999-ம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், பிரிவு 6(4), தெளிவாக அனுமதிக்கிறது. இறுதியில் அவர், “இது தொடர்பு அலுவலகம் மட்டும்தான், இங்கே எந்தக் காகிதமும் வாங்க மாட்டோம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தங்கள் மின்னஞ்சலின் அச்சுப்படியை நான் நீட்டியபடியே நின்றேன். அன்று இரவே திரும்பினேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் எந்தத் துறைமுகத்திலும், எந்தச் சுங்க அதிகாரியும் என்னைத் திருடனைப் போல் நடத்தியதில்லை.

பணத்தை நான் ஆடம்பரத்துக்குக் கேட்கவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது நான் கடலில் இருந்தேன். எங்கள் ஓட்டு வீட்டின் கூரையில் பாதி போய்விட்டது. தார்ப்பாய் போட்டு ஒப்பேற்றிய அந்த வீட்டுக்குப் பதிலாக, சென்ற ஆண்டுதான் புதிய வீடு கட்டத் தொடங்கினோம். மேல்தளம் வார்ப்பதற்காக 15,000 பவுண்டை நாகர்கோவிலிலுள்ள என் ஆர்.எஃப்.சி. கணக்குக்கு (தாயகம் திரும்பியவர்கள் அந்நியச் செலாவணியில் வைத்திருக்கும் கணக்கு) அனுப்பும்படி பிப்ரவரி 27 அன்று கேட்டேன். இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன் தளம் போட்டுவிட வேண்டும் என்பது இங்கே சிறு பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. சென்ட்ரிங் தகடுகளுக்கு நாள் வாடகை ஏறிக்கொண்டே போயிற்று. மே மாத மழையிலேயே கட்டிய கம்பியெல்லாம் துருவேறி, சுவரில் செம்மண் நிறத்தில் ஒழுகி இறங்கியது. ஜூனில் ஒப்பந்தக்காரர் தகடுகளைக் கழற்றிக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். எண்பத்தோரு வயதான என் தாயார், இந்த மழைக்காலத்தையும் தார்ப்பாயின் கீழ்தான் கழிக்கிறார். புதிய வீட்டின் தளவேலையை இனி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இருபத்திரண்டு ஆண்டு உழைப்பைத் தாங்கள் தண்ணீரில் கரைத்துவிட்டீர்கள் என்றே நான் சொல்வேன்.

பெருமையோடு தாங்கள் சொல்லிக்கொள்ளும் நிதி மையம் 118 சதுர கிலோமீட்டர் தீவு. எங்கள் மாவட்டத்தில் பதினான்கில் ஒரு பங்கு. ஆங்கிலக் கால்வாய் வழியாகப் பலமுறை சென்றும் அந்த மண்ணில் நான் காலடி வைத்ததில்லை. தங்கள் சொல்லை மட்டுமே நம்பி என் வாழ்நாள் சேமிப்பை அங்கே வைத்தேன். கறுப்புப் பணத்தை வடிகட்ட வேண்டிய கடமை தங்களுக்கு உண்டு என்பதை மறுக்கவில்லை, அதை மதிக்கிறேன். ஆனால் சம்பளச் சீட்டு வைத்திருப்பவனை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பதற்குப் பெயர் வடிகட்டுவதல்ல.

மே மாதத்தில் இன்னொரு மின்னஞ்சல் வந்தது: நோட்டரி முத்திரை போதாது, அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் சான்று) வேண்டும். மறுபடியும் ஆவணங்களைச் சென்னைக்கு அனுப்பி, மாநில அரசின் சான்றொப்பமும், அதன் மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டிலும் பெற்று, ஏஜெண்டுக்குக் கூலியும் கொடுத்து அனுப்பினேன். ஜூலை 11 அன்று வந்த பதில்: அப்போஸ்டில் நாங்கள் கேட்கவே இல்லை, நோட்டரி தம் சான்றில் ‘புகைப்படம் இவருடைய உண்மையான தோற்றமே’ என்ற வாசகத்தை எழுதவில்லை, மேலும் சான்று மூன்று மாதத்துக்கு மேல் பழையதாகிவிட்டது. பிப்ரவரி முதல் ஜூலை வரை அதைப் பழையதாக்கியது யார்?

வரி விஷயத்தில் தங்கள் அலட்சியம் என்னைச் சிறுமைப்படுத்துவதோடு நிற்கவில்லை, ஆபத்திலும் தள்ளுகிறது. வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில், 2023 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான உச்ச இருப்பு, ஆண்டிறுதி இருப்பு, வட்டி ஆகியவற்றை நான் எழுத வேண்டும். எழுதாவிட்டால் 2015-ம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். கணக்கறிக்கையை மார்ச் முதல் கேட்டு வருகிறேன். ஜூலை 31 கெடு கடந்துவிட்டது. இனி 5,000 ரூபாய் தாமதக் கட்டணத்தோடுதான் தாக்கல் செய்ய முடியும். வேதனை என்னவென்றால், இதே விவரங்களை வங்கிகள் ஜூன் 30-க்குள் ஜெர்சி அரசிடம் கொடுக்க வேண்டும், ஜெர்சி அரசு அவற்றைச் செப்டம்பர் இறுதிக்குள் இந்தியாவுக்கு அனுப்பும். 2017 முதல் இதுவே நடைமுறை. என் கணக்கின் இருப்பை வருமான வரித் துறைக்குச் சொல்லத் தெரிந்த வங்கிக்கு, அதை என்னிடம் சொல்ல மட்டும் முடியவில்லையா? கணக்கு முடங்கிய பிறகும் மாதாந்திரக் கட்டணத்தைத் தவறாமல் பிடித்துவருகிறீர்கள் என்பதைத் தங்கள் ஊழியர் ஒருவர் வாய்தவறிச் சொன்னதால்தான் அறிந்தேன்.

ஆகவே, இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் 2023-ம் ஆண்டுக் கணக்கறிக்கையை அனுப்ப வேண்டும். என் வழக்கைப் பொறுப்பேற்கும் ஓர் அலுவலரின் பெயரையும் நேரடித் தொலைபேசி எண்ணையும் தர வேண்டும். இறுதியாக எந்த ஆவணம், எந்த வாசகத்தோடு வேண்டும் என்பதை ஒரே கடிதத்தில், மாற்றமின்றி எழுத வேண்டும். அது சரியாக இருந்தால் பணத்தை அனுப்பிவிட்டு, பிடித்த கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். எனக்கு ஏற்பட்ட நட்டத்தை 18 லட்சம் ரூபாய் எனக் கணக்கிட்டிருக்கிறேன். சென்னை அலுவலர் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். நல்ல முறையில் முடித்துக்கொள்ளவே விரும்புகிறேன்.

முடியாதென்றால் என் வழி எனக்குத் தெரியும். ஜெர்சி தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018-ன்படி, என்னைப் பற்றித் தாங்கள் வைத்திருக்கும் எல்லாப் பதிவுகளையும், தொலைபேசி உரையாடல் பதிவுகள் உட்பட, இக்கடிதத்தின் மூலமே கோருகிறேன். நான்கு வாரத்துக்குள் தர வேண்டியது தங்கள் பொறுப்பு. முறைப்படியான இந்தப் புகாருக்கு மூன்று மாதத்துக்குள் இறுதிப் பதில் வராவிட்டால், ஜெர்சிக்கும் கெர்ன்சிக்கும் பொதுவாகச் செயல்படும் சேனல் தீவுகள் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் செல்வேன். அவரிடம் புகார் செய்யக் கட்டணம் இல்லை; நான் தீவில் வசிக்க வேண்டியதும் இல்லை; 1,50,000 பவுண்டு வரை இழப்பீடு வழங்கச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. ஜெர்சி நிதிச் சேவைகள் ஆணையத்துக்கும் இதன் நகலை அனுப்புவேன்.

புதிதாகச் சான்றொப்பம் பெற்ற பாஸ்போர்ட் நகல், தாங்கள் கேட்ட வாசகத்தோடு, இத்துடன் உள்ளது. அதன் தேதி ஆகஸ்ட் 16. இம்முறை அது பழையதாவதற்குள் பாருங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்,
குளச்சல்.